பதவியை மட்டும்தான் எழுதினேன்

என் அண்ணி பத்தொன்பது வருஷம் ஒரு ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அரசு கண் ஆஸ்பத்திரியின் டோக்கன் கவுன்டர் அது. கண்ணாடித் தடுப்பின் அடியில் அரைவட்டமாக வெட்டிய ஓட்டை. அதற்கு மேலே கண்ணாடி முழுக்க, எந்தக் காலத்திலோ யாரோ ஒட்டி, உரிக்க மனம் வராமல் விட்டுவிட்ட அறிவிப்புகள். அதனால் வரிசையில் வருகிறவர்களின் முகம் அவருக்குத் தெரியாது. கைதான் தெரியும். ஓட்டைக்குள் நீளும் கையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். விளிம்பைத் தடவித் தேடும் கை என்றால், துணைக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்பார். முறை வருவதற்கு முன்பே உள்ளே நுழையும் கை என்றால், ரெஜிஸ்டரில் ஏதோ எழுதுவதுபோல் பாவனை செய்து ஒரு நிமிஷம் காக்க வைப்பார். நகக்கண்ணில் வெள்ளைத்தூள் படிந்த கை என்றால் கல்குவாரிப் பக்கத்து ஆள். நடந்ததெல்லாம் அந்தக் கைகளால் வந்த வினை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை. எல்லாம் என்னால் வந்தது.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் கட்டடங்களின் உச்சிக்கும் அடிக்கும் போய்வருகிற மனிதர், வீட்டில் ஒரு படிகூட ஏறமாட்டார். பேச்சும் அளந்துதான். வீட்டில் பேச்சு என்று இருந்தது அண்ணியும் நானும் அடித்த வம்புதான். அண்ணிக்கு நேர்மை என்றால் ஒரு வெறி. ஒருமுறை அண்ணன் கண்ணில் இரும்புத் தூசி விழுந்து கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. கட்டின மனைவிதானே கவுன்டரில் இருக்கிறாள் என்று நம்பி அவர் நேராகப் பக்கவாட்டு ஜன்னலுக்குப் போனார். அண்ணி கையை நீட்டி வரிசையின் வாலைக் காட்டினார். எண்பத்தேழாம் நம்பர் டோக்கன். அன்று சாயங்காலம் அண்ணன் ஒற்றைக் கண்ணால் அவரை முறைத்துக்கொண்டே சாப்பிட்டது இன்னும் நினைவிருக்கிறது.

நான் படிப்பைப் பாதியில் விட்டுக் கூரியர் குடோனில் சேர்ந்தவன். முப்பத்திரண்டு வயதில் திடீரென்று ரோஷம் வந்து, சனி ஞாயிறு வகுப்புகளாக நடக்கும் கம்ப்யூட்டர் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். சுற்றிலும் இருபது வயதுப் பிள்ளைகள். முதல் நாளே எனக்கு ‘அங்கிள்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டாம் வருஷம் சிஸ்டம் அனாலிசிஸ் என்று ஒரு பாடம் வந்தது. ஒரு சாஃப்ட்வேரைக் கட்டுவதற்கு முன்னால், அந்த இடத்தில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுக் கண்டுபிடித்து வரைந்து வைக்கிற வித்தை. கூட்டல் கழித்தலில் தடுமாறிய எனக்கு இது அல்வா போல் இறங்கியது. கேள்வி கேட்பதற்கு மார்க் தருகிறார்கள் என்றால் கசக்குமா?

பாடம் எடுத்த மேடம் கறாரானவர். “அவங்க சொல்றதை எழுதாதீங்க, செய்யறதை எழுதுங்க” என்பார். இரண்டும் எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் சரக்கு இருக்கிறது என்பது அவர் கட்சி. ஒரு பதில் கிடைத்தால் நிற்காமல் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்க வேண்டும். வேலை செய்கிறவரைக் குச்சி மனிதராக வரைந்து, கீழே பதவியை எழுத வேண்டும். பெயர் எழுதக் கூடாது. வேலை வழக்கமாக நடக்கிற வழியை முதலில் எழுதி, அதிலிருந்து விலகுகிற இடங்களை ‘மாற்று வழி’ என்று தனியாக எழுத வேண்டும். மாற்று வழி இல்லாத அறிக்கையை அவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார். நான் இதையெல்லாம் வீட்டில் பழகிப் பார்த்தேன். லிஃப்ட் ஏன் நின்றது, அந்த வயர் ஏன் அறுந்தது, அதை ஏன் மாற்றவில்லை என்று மூன்றாவது ஏனில் அண்ணன் எழுந்து போய்விட்டார். அண்ணி எனக்கு ‘ஏன்’ என்றே பெயர் வைத்தார். “ஏன் வந்தாச்சா, சோறு போடவா” என்பார்.

ப்ராஜெக்டுக்கு உண்மையான ஓர் அலுவலகம் வேண்டும் என்றார்கள். ஊரெல்லாம் அலைய எனக்குச் சோம்பல். வீட்டிலேயே ஒரு கவுன்டர் இருக்கும்போது வேறு எங்கே போவது? பல்கலைக்கழகத்திலிருந்து ஆஸ்பத்திரி சூப்பரின்டென்டுக்குக் கடிதம் போனது. அவர் அனுமதி தந்தார். முடிந்ததும் அறிக்கையின் பிரதி தனக்கு வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். அந்த வரியை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, சொல்ல வேண்டிய விஷயமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் சொன்னதெல்லாம், “பேரெல்லாம் போட மாட்டோம் அண்ணி, பதவி மட்டும்தான்” என்பதுதான். அவர் சிரித்துவிட்டு, “போட்டா மட்டும் யார் படிக்கப் போறாங்க” என்றார்.

டோக்கன் என்பது நம்பர் பொறித்த வட்டமான பிளாஸ்டிக் வில்லை. ஒரு நாளைக்கு நூற்றிருபது. ஏழு மணிக்கு ஜன்னல் திறக்கும், ஏழே முக்காலுக்குள் எல்லாம் தீர்ந்துவிடும், எட்டரைக்கு டாக்டர்கள் உட்காருவார்கள். அண்ணி ரெஜிஸ்டரில் நம்பரையும் கொடுத்த நேரத்தையும் எழுதுவார். அந்த ரெஜிஸ்டரின் நகலை நான் வீட்டில் வைத்துப் புரட்டினேன். இருபதாம் நம்பர் ஏழு பத்துக்குப் போயிருக்கிறது. பத்தொன்பதாம் நம்பர் எட்டு இருபத்தைந்துக்கு. மறுநாளும் அப்படியே. ஒன்பது, பத்தொன்பது, இருபத்தொன்பது என்று ஒன்பதில் முடிகிற நம்பர்கள் எல்லாமே, பன்னிரண்டும், எட்டு மணிக்குப் பிறகுதான் போயிருந்தன. மேடம் சொன்ன சரக்கு இதுதான்.

அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். டோக்கன் எங்காவது கீழே விழுந்திருக்கும் என்றார். தினமும் ஏன் விழுகிறது என்று கேட்டேன். உனக்கு வேறு வேலை இல்லையா என்றார். மூன்றாவது முறை கேட்டபோது கத்தியைக் கீழே வைத்தார்.

“குவாரி பஸ் எட்டு பத்துக்குத்தான் வருது தம்பி. அதுக்கு முன்னாடி பஸ்ஸே கிடையாது. டோக்கன் ஏழே முக்காலுக்குத் தீந்துடுது. அவங்க என்ன, பறந்தா வருவாங்க? கல்லு தெறிச்ச கண்ணோட வந்து, ‘இன்னிக்கு முடிஞ்சது’ன்னு போர்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போவாங்க. அதையும் படிக்க முடியாம பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேட்டுட்டுப் போவாங்க.”

அதனால் தினமும் காலையில் ஜன்னலைத் திறக்கும் முன் பன்னிரண்டு வில்லைகளை எடுத்துத் தன் டிபன் டப்பாவின் மேல்தட்டில் வைத்துக்கொள்வாராம். கடைசிப் பன்னிரண்டை எடுத்தால் அவர்கள் முறை வருவதற்குள் மத்தியானப் பஸ் போய்விடும். அதனால் பத்துக்கு ஒன்றாக எடுத்தார். கூடவே வாசல் வாட்ச்மேனின் ஒத்தாசை. பஸ்ஸிலிருந்து எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று பார்த்து, வாசலில் நின்றபடியே விரலைக் காட்டுவார். அண்ணி பக்கவாட்டு ஜன்னலைத் திறப்பார். எட்டரைக்கு மேல் மிச்சமிருக்கும் டோக்கன் கூடத்தில் நிற்கும் யாருக்காவது போய்விடும். ஒன்றுகூட வீட்டாருக்கோ தெரிந்தவருக்கோ போனதில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் மறுபடி காய் நறுக்க ஆரம்பித்தார். எழுதாதே என்று அவர் சொல்லவில்லை. சமையலறையில் கொழுந்தனிடம் பேசுவதற்கெல்லாம் யாராவது அப்படிச் சொல்லிவைப்பார்களா?

எழுதினேன். கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை, வியந்துதான் எழுதினேன். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுத்தமான ஏற்பாட்டைப் பார்த்ததில்லை. மூன்றாவது மாற்று வழி: கவுன்டர் எழுத்தர் பன்னிரண்டு டோக்கன்களை வரிசையிலிருந்து விலக்கி, தாமதமாக வரும் பயனாளிகளுக்காக ஒதுக்கி வைக்கிறார். நம்பர்கள், நேரங்கள், ஆதார அட்டவணை எல்லாம் பக்காவாகச் சேர்த்தேன். விதிப்படி பெயரைப் போடவில்லை, குச்சி மனிதருக்குக் கீழே ‘கவுன்டர் எழுத்தர்’ என்று பதவியை மட்டும் எழுதினேன். அந்த ஆஸ்பத்திரியில் இருப்பது ஒரே ஒரு கவுன்டர், அதில் இருப்பது ஒரே ஓர் எழுத்தர் என்பது என் மண்டையில் ஏறவில்லை. வாட்ச்மேனை வரையக்கூட இல்லை. குச்சி மனிதர்கள் கூடினால் படம் குழம்பும் என்று விட்டுவிட்டேன்.

அறிக்கையை விளக்குகிற நாளில் சூப்பரின்டென்ட் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது மாற்று வழி திரையில் வந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். “ரொம்ப நுணுக்கமா கவனிச்சிருக்கீங்க” என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடம் தொண்ணூற்றிரண்டு போட்டார். ‘அங்கிள்’ வகுப்பிலேயே முதல். அன்று வீட்டுக்குப் போய் மார்க்கைச் சொன்னபோது அண்ணி என் நெற்றியை வழித்துத் திருஷ்டி முறித்தார்.

பத்து நாள் கழித்து அவருக்கு மெமோ வந்தது. நம்பகமான தகவலின்படி டோக்கன்கள் வரிசை தவறி வழங்கப்பட்டதாகத் தெரியவருகிறது, விளக்கம் தரவும். நம்பகமான தகவல் சாப்பாட்டு மேஜையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அண்ணி ஒரே வரியில் பதில் எழுதினார்: ஆம், வழங்கினேன். அடுத்த வாரம் அவரைக் கீழ்த்தளத்துக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். கவுன்டரில் பட்டனை அழுத்தினால் சீட்டு வருகிற மெஷினை வைத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அது பிசகாமல் தரும். அதை வாங்க அனுமதி கேட்ட கடிதத்துடன் என் அறிக்கையின் நான்காம் அத்தியாயத்தைத்தான் இணைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அண்ணன் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே, இவன் எழுதின பேப்பரில் இது ஏதாவது வந்ததா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அண்ணி குறுக்கே வந்தார்.

“அது படிப்புங்க. அவன் பேர்கூடப் போடல. நம்ம பிள்ளையைப் போயி சந்தேகப்படுறீங்களே.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினேன். இந்த ரகசியம் தெரிந்த இன்னொரு ஆள் வாட்ச்மேன்தான். அதனால் அண்ணியின் சந்தேகம் அவர்மேல் விழுந்தது. பத்தொன்பது வருஷம் பக்கத்தில் நின்ற மனுஷன் இப்படிக் காட்டிக்கொடுப்பான் என்று நினைக்கவில்லை என்று ஒருநாள் சொன்னார். நான் ஆமாம் போடவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டில் எது கேவலம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கோப்பு அறையில் ஜன்னல் இல்லை. காலையில் போய் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து, சாயங்காலம் தூசியும் தும்மலுமாக வருவார். ஒருநாள் சாப்பிடும்போது தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னிக்கு முழுக்க வேற ஒரு கையைப் பாக்கல” என்றார். தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தேன், ஏனென்றால் எழுந்தால் ஏன் என்று கேட்பார்.

உண்மையைச் சொல்லத் துப்பில்லாதவன் என்ன செய்வான்? மனு எழுதுவான். படித்த முறைப்படியே ஒரு திருத்தக் கோரிக்கை தயாரித்தேன்: தொலைவிலிருந்து பஸ்ஸில் வருபவர்களுக்காக மெஷின் பன்னிரண்டு எண்களை எட்டரை வரை நிறுத்திவைக்க வேண்டும். பஸ் நேர அட்டவணையை இணைத்தேன். அது மட்டும் நடந்துவிட்டால் எதையும் சொல்லாமலே கணக்கு நேராகிவிடும் என்று ஒரு நப்பாசை. ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. திருத்தத்தைச் சம்பந்தப்பட்ட பயனரே பரிந்துரைக்க வேண்டும். சம்பந்தப்பட்ட பயனர், அதாவது கவுன்டர் எழுத்தர், என்ற பணியிடம் தற்போது இல்லை. அந்த வாக்கியத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நானே எழுதியதுபோல் இருந்தது.

அதன்பிறகு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். குவாரி பஸ் வந்தது. ஒரு பெண் கண்ணில் வெள்ளைத் துணி கட்டிய கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்து, மெஷினின் பட்டனை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு அதன் பக்கவாட்டைத் தட்டிப் பார்த்தார், உள்ளே யாரோ இருப்பதுபோல. வாட்ச்மேன் போய்ப் பக்குவமாக ஏதோ சொன்னார். இருவரும் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் பறந்துவிட்டது.

“அண்ணி, டோக்கன் விஷயத்தைச் சொன்னது வாட்ச்மேன் இல்ல. நான்தான். என் ரிப்போர்ட்ல எழுதினேன். அதை சூப்பரின்டென்ட் படிச்சாரு. அவர் படிப்பாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.”

அவர் மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வாட்ச்மேன் இல்லையா?”

“இல்ல அண்ணி.”

“நாலு மாசமா தினமும் அந்த மனுஷன் எனக்கு வணக்கம் வச்சாரு. ஒரு நாள்கூட நான் திருப்பி வைக்கல.”

மடியிலிருந்த துணியை எடுத்து அடுக்கில் வைத்தார். பிறகு, இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டார். பயமாக இருந்தது என்றேன். ஏன் பயம் என்றார். நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ என்றுதான் என்றேன். அப்படியானால் வாட்ச்மேனைப் பற்றி நான் தப்பாக நினைத்தது மட்டும் ஏன் உனக்குப் பரவாயில்லாமல் இருந்தது என்றார். மூன்றாவது ஏனிலேயே எனக்குப் பதில் இல்லை. அவரும் நான்காவதைக் கேட்கவில்லை. காலையில் தன்னுடன் வரச் சொன்னார், அவ்வளவுதான்.

மறுநாள் எட்டு மணிக்கு இருவரும் வாசலை அடைந்தபோது வாட்ச்மேன் வழக்கம்போல் கையைக் குவித்தார். அண்ணி நின்றார். அவர் நிற்பார் என்று எதிர்பார்க்காத வாட்ச்மேன் பதறி ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

“அண்ணே, நீங்கதான் சொல்லிட்டீங்கன்னு இத்தனை நாளா நினைச்சுட்டேன். நீங்க இல்ல. சொன்னது இவன், எங்க வீட்டுப் பிள்ளை. என்னை மன்னிச்சிடுங்க.”

வாட்ச்மேன் என்னைப் பார்க்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். வந்தது வேறு.

“அப்ப நான் இல்லையாம்மா?” என்று கேட்டார். “ஒருநாள் டீக்கடையில பஸ் டிரைவர்கிட்ட உங்களைப் பத்திப் பெருமையா இதைச் சொல்லிட்டேன். அதுதான் எங்கயோ போயி உங்களைக் கவுத்துடுச்சுன்னு நினைச்சேன். நீங்க முகத்தைத் திருப்பினது நியாயம்னுதான் பேசாம இருந்தேன். தினமும் வணக்கம் வச்சதே மன்னிப்பு கேக்கத்தான்.”

செய்யாத தப்புக்கு நாலு மாசம் ஒருவர் தினமும் மன்னிப்பு கேட்டிருக்கிறார். செய்த நான் தொண்ணூற்றிரண்டு மார்க்கை வைத்துக்கொண்டு வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறேன். அவரிடம் மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் குவாரி பஸ் வந்து நின்றது.

வாட்ச்மேன் பஸ் பக்கம் திரும்பினார். இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, பழக்கத்தில், அவர் கை கவுன்டர் பக்கம் உயர்ந்தது. ஐந்து விரல். இன்னொரு கையில் ஒன்று. கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது உறைத்ததும் இரண்டு கைகளையும் இறக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

அண்ணி அந்த விரல்களைப் பார்த்தார். கீழ்த்தளத்துக்குப் போகும் படிக்கட்டை நோக்கி நடந்தவர், என்னைக் கடக்கும்போது மட்டும் ஒரு கணம் நின்றார்.

“ஆறு பேர்” என்றார். “இதையும் எழுதிக்கோ.”

பையில் நோட்டு இருந்தது. எழுதிக்கொண்டேன்.